முன் சீட்டு

சாப்பிட்ட மேசையைத் தையல்நாயகி துடைத்துக்கொண்டிருந்தாள். துணி மேசையின் நடுவில் இருக்கும்போது இருந்தது, இடது ஓரத்துக்குப் போனதும் இல்லை, நடுவுக்கு வந்ததும் மறுபடி இருந்தது. அவள் கையும் அப்படித்தான். வளையல் சத்தம் மட்டும் எங்கும் காணாமல் போகவில்லை. உத்திராபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டார், ஏனென்றால் இப்போதெல்லாம் அவர் எதையாவது உற்றுப் பார்த்தால் அவள் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கிறாள். தன் வீட்டு மேசையைப் பார்ப்பதற்கும் யோசிக்க வேண்டிய நிலைமை. வெளியே ஆடிக் காற்று வாசல் முருங்கையைப் போட்டு உலுக்கியது. வண்டி முதலாளி பாரூக் பாய் மதியத் தொழுகை முடிந்ததும் வண்டியைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார். விடிந்தால் மதுரை, மறுநாள் கொடைக்கானல், அங்கிருந்து இறங்கிக் கம்பம். நகரம், ஏரி, தோட்டம். வண்டி வாசலுக்கு வந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது, ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான். அதற்குள் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அதற்குள் சொல்ல வேண்டும், அதற்குள் சொல்ல வேண்டும் என்று இருந்ததில் காலை போய், சாப்பாடும் போய்விட்டது.

"மதுரைல ஒரு நாள் போதுமாங்க?" என்றாள் தையல்நாயகி.

"போதும்."

"கோயிலுக்கே ஒரு நாள் சரியாப் போயிடுமே. மஹால் பாக்கணும். சாயங்காலம் கடைத்தெரு அப்படி இருக்கும் இப்படி இருக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க."

சொன்னார்தான். வாழ்நாளெல்லாம் கும்பகோணத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டியவர், ஊர் ஊராகப் போய் வந்து அவளிடம் கதை அளந்தவர். ஆனால் மதுரை என்றதும் அவருக்குள் வந்தது கோபுரம் இல்லை, மேலமாசி வீதியில் வண்டியை எங்கே ஒதுக்கினால் போலீஸ்காரர் விரட்டமாட்டார் என்பதுதான். மஹால் என்றால் எதிரே ஒரு டீக்கடை, வேப்பமரம், மரத்தடியில் மற்ற ஊர் டிரைவர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். உள்ளே தூண்கள் இருக்கிறதாம், நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியுமாம், வண்டியில் திரும்பி வரும்போது குழந்தைகள் பேசிக்கொள்ளும். அதைத்தான் வீட்டுக்கு வந்து இவளிடம் சொல்வார், தானே கைகோத்து நின்றவர் போல. ஒரு பொய்யும் இல்லை அதில், கேட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். பொய் என்றால் அது போன மாதம் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்க, என்னங்க ஓட்டம் இல்லையா என்று அவள் கேட்க, சட்டென்று வாயில் வந்ததை எடுத்து விட்டார், ஆடி வருதுல்ல, முகூர்த்தம் கிடையாது, ஆஃப் சீசன், வண்டி எல்லாம் சும்மாதான் நிக்குது என்று. அழகான பொய். உடனே கடைவாயில் அடக்கிய வெற்றிலை மாதிரி அடங்கியும் போனது. ஆனால் இவள் அதை விடவில்லை, இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டி சும்மாதானே நிக்குது, நீங்களும் சும்மாதான இருக்கீங்க, நாம போயிட்டு வருவமா? மே மாசம் முழுக்க ஊரார் பிள்ளைங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போனீங்க, தீபாவளி பொங்கல்னு ஒரு லீவுல வீட்டுல இருந்ததில்ல, நமக்கு ஆஃப் சீசன்தான சீசன்?  தான் வெட்டிய குழியில் தானே கோவணத்தோடு நின்றார்.

வேறு டிரைவர் போட்டுக்கலாம் என்று ஒருமுறை மெல்ல விட்டுப் பார்த்தார், முழங்கால் வலி என்று சப்பைக்கட்டு கட்டி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேற ஆளு ஓட்டுனா நான் வரல. நான் முன் சீட்டுல உக்காரணும், நீங்க ஓட்டணும். கண்ணாலம் ஆனதுலேருந்து பின் சீட்டுல கூட உங்க வண்டில உக்காந்ததில்ல." முன் சீட்டு. டிரைவருக்கு இடது பக்கம். அவள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதும் இல்லாமல் போய்விடுவாள், அந்தத் துணி போன மாதிரி. மலை ஏறி இறங்குகிற வரை பக்கத்தில் ஒரு குரல் பேசிக்கொண்டு வரும். அங்க பாருங்க என்று கை நீட்டும். அந்தக் கையும் இருக்காது. இதை நினைத்தபோது தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை போனது, டம்ளர் நேர் எதிரே இருந்தது. முன்பெல்லாம் இடது பக்கம்தான் வைப்பாள். இரண்டு முறை தட்டிக் கொட்டினார், அதிலிருந்து நேர் எதிரே வைக்கிறாள். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் எல்லாம் ஒழுங்காகச் செய்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு குடித்தார்.

"ஏரிக்கு எதுத்தாப்புல ரூம் கேட்டிருக்கேன்னு சொன்னீங்களே, ஜன்னலத் தொறந்தா தண்ணி தெரியுமா?"

"தெரியும்."

"காலைல பனி மூட்டமா இருக்குமே, அதுல எப்புடித் தெரியும்?"

"வெயில் ஏற ஏறத் தெரியும்."

ஏரி. எத்தனை வருஷம் போயிருப்பார், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் கைக்குத் தெரியும், ஆனால் ஏரி என்றால் அவருக்கு மக்காச்சோளம் சுடுகிற தள்ளுவண்டிகளுக்கு அந்தப் பக்கம் பளபளக்கிற ஏதோ ஒன்று. படகுத்துறையில் இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்கு வண்டியைக் கொண்டுபோய்விட வேண்டும். இறங்குகிறவர்கள் கைப்பை, பால் புட்டி, புது ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அவரிடம் கொடுப்பார்கள், சில பேர் செருப்பைக் கூட. பத்திரம் டிரைவர் என்பார்கள். பத்திரமாக வைத்திருப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீட்டைச் சாய்த்துப் படுப்பார், குளிரில் கால் விறைக்கும், கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால் என்ன என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, பார்க்க வந்தவர்கள் அவர்கள், ஓட்ட வந்தவர் இவர். டிரைவர் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதில் படிந்த பழக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்தார். கடைசியில் அந்தக் கண்ணுக்கு ரோடு மட்டும்தான் மிஞ்சியது. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவருக்கே சிரிப்பு வந்தது, ஆனால் வாய்வரை வரவில்லை. காட்ரோட்டில் திரும்பியதும் மூன்றாவது கியர், செக்போஸ்ட் தாண்டி ஏற்றம், டம்டம் பாறைக்கு முன்னால் ஒரு வளைவு, அங்கே இறங்குகிற பஸ் எப்போதும் நடு ரோட்டில்தான் வரும், ஹாரன் கேட்டதும் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். இடது பக்கம் என்ன இருக்கிறது, தடுப்புச் சுவர் இருக்கிறது, ஓரிடத்தில் இடிந்திருக்கும், மழைக்கு இன்னும் இடிந்திருக்கலாம், ஆடி மாதம் சாரல், ரோட்டில் பாசி. சரி, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டலாம். திருப்புகிற நேரத்தில் நேரே? சரி, மெதுவாக ஓட்டலாம். மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாருக்கும் இந்தக் கண்தானே, விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் கைநீட்டும் தூரத்தைப் பார்த்துத்தானே எல்லாரும் போகிறார்கள். பனியில் பார்த்தால் நானும் மற்ற டிரைவர்களும் ஒன்றுதான். இந்த எண்ணம் வந்ததும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, பனி வரட்டும் என்று கூட வேண்டிக்கொண்டார். பிறகு, பனி வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற டிரைவரின் வண்டியில் தன் பெண்டாட்டியை யாராவது ஏற்றுவார்களா என்று தோன்றியது. அதோடு தாராசுரத்துப் பெண்ணும் வந்துவிட்டாள்.

அவள் எப்போதும் இப்படித்தான் வருவாள், எங்கிருந்தும் வராமல். அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். சுவாமிமலையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், நல்ல வெயில், காலியான ரோடு, ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, திடீரென்று பானட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள், இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். சந்திலிருந்து வந்திருக்கிறாள். இடது பக்கச் சந்து. முழு நீளச் சந்து, வெகுதூரத்திலிருந்து அவள் மிதித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், பின் சீட்டிலிருந்த அம்மா கூடப் பார்த்துவிட்டாள், டிரைவர் டிரைவர் என்று கத்தினாள். பிரேக் அடித்தார். ரிப்பன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்தப் பெண் பயப்படவே இல்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரை ஒரு முறை பார்த்தாள், பாத்துப் போங்க தாத்தா என்றாள், போய்விட்டாள். பார்த்துத்தான் போனேன், பாப்பா. அன்றைக்கு மீதித் தூரம் எப்படி ஓட்டினார் என்று நினைவில்லை. மறு வாரம் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தஞ்சாவூரில் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு கண்ணை மூடிக் கட்டி, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். நேராப் பாருங்கய்யா, சுத்தி எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்க என்றாள் நர்ஸ். தெரிந்தது, அமுக்கினார். தெரிந்தது, அமுக்கினார். அப்புறம் தெரியவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று காத்திருந்தார். உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அமுக்குங்கய்யா. தெரிஞ்சாத்தானே அம்மா. சரி, இருக்கட்டும் என்று சும்மா ஒரு தரம் அமுக்கினார், கண்மறைவு வளைவில் எதுவும் தெரியாமலே ஹாரன் அடிப்பது போல. இன்னொரு தரம் அமுக்கினார். ஏமாற்ற முடியவில்லை. கண்ணில் பிரஷர், நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது, ரெண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டது, இடது பக்கம் அதிகம் என்றார் டாக்டர். போனது போனதுதான், இருக்கறதக் காப்பாத்தலாம், சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாதீங்க. வண்டி ஓட்டறத இன்னியோட நிறுத்திடுங்க. என்ன வேல பாக்குறீங்க? உத்திராபதி, விவசாயம் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை அவருக்கே புரியவில்லை. மருந்தை ஷேவிங் டப்பாவில் பிளேடுக்கு அடியில் வைத்திருக்கிறார், குளிக்கப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்கிறார், திருட்டு பீடி குடிக்கிற பையன் மாதிரி.

சொன்னால் என்ன ஆகும். அழமாட்டாள், அவள் அழுகிற ரகம் இல்லை. ஓசூரில் இருக்கிற மகளுக்கு போன் போடுவாள், மகள் வந்து இறங்குவாள், ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படி தாண்ட வைப்பார்கள். டிரைவர் உத்திராபதி என்று தெருவில் பெயர். டிரைவரை எடுத்துவிட்டால் மீதி யார்? அது கூடப் பரவாயில்லை. இவள் இந்த முப்பது நாளும் எப்படி இருக்கிறாள், ஒரு பையை எடுத்து வைப்பதும் பிரித்து வைப்பதுமாக, எதிர் வீட்டு அம்மாவிடம் எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டுறாரு என்று ஒரு தரம், கீரைக்காரியிடம் ஒரு தரம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். நேர் எதிரே இருப்பதுதான் அவருக்கு நன்றாகத் தெரிகிறதே, அதுதான் கஷ்டம். ஒருவேளை ஓட்டிவிடலாம். சமவெளியில் ஒன்றும் ஆகாது. கம்பத்துக்குப் போகிற வழி நேர் ரோடு, இரண்டு பக்கமும் தென்னையும் திராட்சைப் பந்தலும், அங்கே பழைய சவாரிக்காரர் ஒருவர் இருக்கிறார், நவக்கிரகத்துக்கு வந்தவர், எங்க தோட்டத்து வீட்டுல வந்து தங்குங்க டிரைவர் என்று அன்பாகக் கூப்பிட்டவர். பந்தலுக்கு அடியில் நடக்கலாம், குலை தலையில் இடிக்கும். அது வரைக்கும் போய்ச் சேர்ந்தால் போதும். மலை மட்டும்தான். மலையில் அந்த இடிந்த சுவர் மட்டும்தான். அந்தச் சுவரில் யாரோ ஒரு பெண், இரட்டைப் பின்னல், சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு நிற்கிறாள். பாத்துப் போங்க தாத்தா. முன் சீட்டில் குரல் நின்றுபோகிறது. உத்திராபதிக்கு வியர்த்தது. காற்று இந்த அடி அடிக்கிறது, அவருக்கு வியர்த்தது. பாய் இன்னும் வரவில்லை. தொழுகை முடிந்து நேரமாகிவிட்டதே. தெருமுனையில் ஒரு ஹாரன், இல்லை, அது பால் வண்டி. வந்தால் ஒரு பயம், வராவிட்டால் ஒரு பயம். இப்போது சொல். தையலு என்று கூப்பிடு, முதல் வார்த்தை வந்துவிட்டால் மற்றது தானாக வரும். வாயைத் திறந்தார்.

"என்னங்க," என்றாள் அவள் முந்திக்கொண்டு. குரல் இடது பக்கத்திலிருந்து வந்தது, பீரோ பக்கம். எப்போது அங்கே போனாள். "மலைக்குப் போட்டுக்க இந்த ஸ்வெட்டர் எடுத்து வைக்கட்டா? கலரு எனக்கு நல்லாருக்கா பாருங்க."

திரும்பிப் பார்க்க வேண்டும். அரைவாசி திரும்பினால் போதாது, கோழி மாதிரி முழுக் கழுத்தையும் திருப்ப வேண்டும், அப்படித் திருப்பித் திருப்பித்தான் போன வாரம் கழுத்துல என்ன சுளுக்கா என்று கேட்டாள். இந்த ஒரு தடவை வேண்டாம். கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டினார், ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்தில் எதுவோ, அதுவும் இல்லை. கைக்குள் அந்த ஆஸ்பத்திரிப் பட்டன் இருப்பது போல் இருந்தது. அமுக்கினார்.

"நல்லாருக்கு. எடுத்து வை."

 முருங்கை மரம் சுவரில் உரசியது. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் கூட நின்றுவிட்டது.

"கையில ஒண்ணும் இல்லீங்க," என்றாள் தையல்நாயகி.

அவர் அசையவில்லை. அசைந்தால் ஏதாவது உடைந்துவிடும் போல இருந்தது. உடைய இனி என்ன இருக்கிறது என்றும் இருந்தது. பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் அன்று தாராசுரத்தில் உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்திருந்தார்.

"கும்பகோணத்துல ஏதுங்க ஆஃப் சீசன்?" அவள் குரல் உயரவில்லை. "நவக்கிரகத்துக்கு ஆடின்னு யாராவது வராம இருப்பாங்களா? ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்கு வண்டி கெடைக்காம அலையறாங்க. எதுத்த வீட்டுல இருக்கறவளுக்குக் கூடத் தெரியும், எனக்குத் தெரியாதா? பாய் வந்து கேட்டாரு, அண்ணனுக்கு எம்மேல என்ன கோவம், ஓட்டத்துக்குக் கூப்புட்டா வரமாட்டேங்கறாருன்னு. நான் என்னன்னு சொல்ல? டம்ளரத் தட்டி விடறீங்க. நெலப்படில இடிச்சுக்கறீங்க. ஷேவிங் டப்பாவுல மருந்து. அதத் தெனமும் போடறீங்களான்னு அளவு பாக்கறதே எனக்கு வேலையாப் போச்சு."

"எப்பலேருந்து?"

"இந்த ஊருக்குப் போற பேச்சு எடுத்ததே அதுக்குத்தான். நீங்க ஓட்டுங்கன்னு சொன்னா, முடியாதுடின்னு சொல்லுவீங்க, ஏன்னு கேப்பேன், சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரூமெல்லாம் போட்டீங்க. விடிஞ்சாப் பயணம்னு ஆயிடுச்சு, அப்பவும் வாயத் தொறக்கல. என்னையும் வச்சுக்கிட்டு மலைல ஓட்டிருப்பீங்க இல்ல?"

இல்லை என்று சொல்ல வந்தார். வரவில்லை. ஓட்டியிருப்பார், அதுதான் உண்மை, பனி வரட்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டியிருப்பார். இவளை அந்தச் சுவர்வரை கொண்டுபோயிருப்பார், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு. அந்த நிமிஷத்தில் தன் மேல் அவருக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை.

"ஓட்டிருப்பேன், தையலு," என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிற ரகம் இல்லை என்று நினைத்ததும் தவறு. எத்தனை நாள் இப்படி இடது பக்கமாக நின்று அழுதாளோ.

"வண்டி வராது," என்றாள். "பாய்க்கு நேத்தே சொல்லிட்டேன், வேண்டாம்னு. காலைல மதுரைக்குப் பஸ்ஸு இருக்குல்ல, அதுல போவோம். மலைக்கும் பஸ்ஸு. ரூம் போட்டாச்சு, நான் விடமாட்டேன். பாக்குறதுன்னா இப்பத்தான் பாக்கணும்."

இப்போது என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. அவருக்கு அழுத்தமாகத்தான் விழுந்தது. பஸ்ஸில், டிக்கெட் வாங்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவன் ஓட்ட. காட்ரோட்டில் அவன் கியர் மாற்றுவது தப்பாக இருக்கும், கால் தானாகத் தரையை மிதிக்கும். ரோட்டைப் பார்க்க வேண்டிய வேலை இல்லாமல் அந்த மலையில் அவர் என்ன செய்வார். மலை எப்படி இருக்கும்? அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அது தெரியாது. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, எல்லாம் வெளியே வந்துவிட்ட பிறகு அது ஒன்று மட்டும் உள்ளே ஏன்.

"நான் அந்த ஏரியப் பாத்ததே இல்ல, தையலு."

"என்னது?"

"ஸ்டாண்டுல கெடப்பேன். வண்டில பேசிக்கிட்டு வருவாங்க, அதத்தான் உன்கிட்ட வந்து சொல்லுவேன். போட்டுல ஏறினதில்ல. தண்ணி என்ன கலருன்னு கூட நிச்சயமாத் தெரியாது."

இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.  அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. "அடப்பாவி மனுஷா," என்றாள். "படகு ஆடுனா வயித்தக் கலக்கும்னு சொன்னீங்களே."

"அதுவும் யாரோ சொன்னதுதான்."

நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. இடது பக்கத்திலிருந்து சிமெண்டுத் தரையில் கரகரவென்று அது மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"பஸ்ஸுல எந்தப் பக்கம் சீட்டு புடிக்கணும்? பள்ளம் எந்தப் பக்கம் வரும்?"

"ஒரு வளைவுல இந்தப் பக்கம், அடுத்த வளைவுல அந்தப் பக்கம். எங்க உக்காந்தாலும் பாதி தெரியாது."

"தெரியாதத நான் சொல்லிக்கிட்டு வரேன். கேட்டதச் சொல்லித்தான இத்தன வருஷம் நீங்க ஓட்டுனீங்க."

நாற்காலியின் கால் முதலில் வந்தது, பிறகு சேலையின் ஓரம், பிறகு வளையலோடு கை, பிறகு முகம், மூக்கு சிவந்து, ஈரமாக, முழுசாக. அவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தெரிந்தது. உத்திராபதியின் கட்டைவிரல் நாற்காலிக் கையை ஒரு முறை அமுக்கியது.